பெட்டியைக் கட்டுவதற்கு முன் ஒரு கடிதம்

கால்பந்து ஆட்டக்காரர்களுக்காக வழக்காடுவது என் தொழில். போன வாரம் என் அலுவலகத்துக்கு வந்தவருக்கு வயது 33. மிட்ஃபீல்டர். அதாவது நடுக்களத்தில் ஆடுபவர். 14 வருடத்தில் 9 கிளப், 6 நாடு. கையில் இருந்த பிளாஸ்டிக் கவரை மேஜைமேல் கவிழ்த்தார். மடிப்பு விழுந்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஒப்பந்தங்கள், யாரோ கையால் எழுதிக் கொடுத்த ஒரு ரசீது, எந்த மொழி என்று அவருக்கே தெரியாத இரண்டு தாள்கள், அவற்றின் அடியில் அவருடைய கையெழுத்து.

"மூணு கிளப் எனக்குச் சம்பள பாக்கி வச்சிருக்கு மேடம். எல்லாத்தையும் சேர்த்து ஒரே கேஸா போட்டுடலாமா?"

கூட்டிப் பார்த்தால் 11 மாதச் சம்பளம். முதல் கிளப்பில் 4 மாதம், விட்டு வந்து 5 வருடம் ஆகிறது. இரண்டாவதில் 3 மாதம், அது 3 வருடத்துக்கு முன். மூன்றாவதில் 4 மாதம். பிரச்சினை எழுந்து 2 வருடம் தாண்டிவிட்டால் ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயம் அதைக் கையில் எடுக்காது. அதுவும் கிளப்பை விட்டு வந்த நாளிலிருந்து எண்ணுகிற 2 வருடம் இல்லை. ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் அது வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து தனித்தனியாகக் கடிகாரம் ஓடும். ஆக முதல் இரண்டு கிளப்புகள் முழுதாகக் கைவிட்டுப் போயின. மூன்றாவதில் முதல் மாதமும் போயாச்சு. அடுத்த மாதத்துக்கு மிச்சம் இருந்தது 11 நாள். 11 மாத உழைப்பில் நான் கேட்க முடிந்தது 3 மாதத்துக்கு மட்டும்.

இந்த வருடத்தில் இப்படி வருகிற ஐந்தாவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடு விட்டு நாடு போகும் ஆட்டக்காரர் என்றதும் பலர் மனதில் வருவது கிளாரன்ஸ் சீடோர்ஃப் மாதிரி ஒருவர். அயாக்ஸ், ரியல் மாட்ரிட், ஏசி மிலான் என்று மூன்று வெவ்வேறு கிளப்புகளுக்காக சாம்பியன்ஸ் லீக் வென்றவர். இல்லையென்றால் எட்கர் டேவிட்ஸ்: யுவென்டஸ், பார்சிலோனா, இண்டர் மிலான், டாட்டன்ஹாம் என்று சுற்றியவர். அவர்களுக்கு மேஜையின் இந்தப் பக்கம் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்க்கிறவர்கள் வேறு. உலகத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பதில் சொன்னவர்களில் 41 சதவீதம் பேர் அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமானதாகச் சொன்னார்கள். சுமார் 14,000 பேரிடம் கேட்டது. அந்த 41 சதவீதத்தில் ஒருவர்தான் பிளாஸ்டிக் கவரோடு வருவார்.

அதிலும் மிட்ஃபீல்டர்கள் அதிகம் வருகிறார்கள், ஏன் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஸ்ட்ரைக்கருக்குக் கோல் எண்ணிக்கை பேசும். நடுக்களத்தில் பந்தைப் பிடுங்கி, பக்கத்தில் கொடுத்து, ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கிறவனைப் பற்றிப் பேச அந்தக் கோச் ஒருவர்தான் உண்டு. கோச் மாறினால் புதுக் கோச் தன் ஆளோடு வருவார். நம் ஆள் அடுத்த கிளப்பைத் தேடுவார், அவசரத்தில், சீசன் பாதியில், கிடைத்த ஒப்பந்தத்தில். கிளப் எண்ணிக்கை ஏறுவது இப்படித்தான், ஆசைப்பட்டு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது கிளப்பை எப்படி விட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். "நாலு மாசம் சம்பளம் வரல. பொறுத்துப் பார்த்தேன். கோச்சுக்கு ஒரு வாட்ஸாப் போட்டுட்டு ஃப்ளைட் ஏறிட்டேன்." கடிதம்? இல்லை. மின்னஞ்சல்? இல்லை. ஏன் என்றால், "இப்பதான் கோர்ட்டே சொல்லிடுச்சே மேடம், பிளேயர் எப்ப வேணா கிளம்பலாம்னு. டியாரா கேஸ்."

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை சுற்றுகிறது. ஒருமுறை விரிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் இதைச் சொல்லக் கூடாது.

முதலில் போஸ்மன். இவரும் மிட்ஃபீல்டர்தான், பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடியவர். ஒப்பந்தம் 1990-இல் முடிந்துவிட்டது, பிரான்சின் டன்கெர்க் போக நினைத்தார், பழைய கிளப் அவரை விடுவதற்குப் புதுக் கிளப்பிடம் மாற்றுத் தொகை கேட்டது, பயணம் நின்றுபோனது. ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்புச் சொன்னது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு மாற்றுத் தொகை கேட்கக் கூடாது. முடிந்த ஒப்பந்தம். இந்தச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தீர்ப்பால் அடுத்த தலைமுறையே சம்பாதித்தது, அவர் ஆட்ட வாழ்க்கை மட்டும் வழக்கிலேயே கரைந்தது. அது தனிக் கதை.

அடுத்து லசானா டியாரா. இவரும் மிட்ஃபீல்டர், ஊர் சுற்றியவர்: லெ ஹாவ்ர், செல்சி, ஆர்சனல், போர்ட்ஸ்மவுத், ரியல் மாட்ரிட், அன்ஜி, லோகோமோட்டிவ் மாஸ்கோ, அப்புறம் மார்செய், அல் ஜசீரா, பாரிஸ். லோகோமோட்டிவோடு 2013-இல் நாலு வருட ஒப்பந்தம். 2014-இல் தகராறு முற்றி கிளப் ஒப்பந்தத்தை முறித்தது. 2015-இல் ஃபிஃபா, தவறு ஆட்டக்காரர்மேல் என்று சொல்லி, 1 கோடியே 5 லட்சம் யூரோ கட்டச் சொன்னது. பெல்ஜியத்தின் ஷார்லெருவா கிளப் அவரை எடுக்கத் தயாராக இருந்தது, ஆனால் அந்தத் தொகைக்குத் தாங்களும் பொறுப்பாகிவிடுவோமோ என்ற பயம், மாற்றுச் சான்றிதழ் (வேறு நாட்டுக் கிளப்பில் பதிவு செய்யத் தேவையான தாள்) வருமா என்ற பயம். ஒரு சீசன் முழுக்க ஆட்டமே இல்லாமல் போனது அவருக்கு. 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் என்ன சொன்னது? புதிய கிளப்பைத் தானாகவே கடனில் கோர்த்துவிடுவது தவறு, ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டிவிட்டது அந்தக் கிளப்தான் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது தவறு, நஷ்டஈட்டைக் கணக்கிடும் முறை தவறு, தகராறு இருக்கிறது என்பதற்காகச் சான்றிதழைப் பிடித்து வைப்பது தவறு. 2025 ஜனவரி முதல் ஃபிஃபா தன் விதிகளைத் தற்காலிகமாகத் திருத்தியும் விட்டது.

ஒப்பந்தத்தை நடுவில் காரணமில்லாமல் விட்டுப் போகலாம் என்று அந்தத் தீர்ப்பில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. காரணமில்லாமல் விட்டால் நஷ்டஈடு இன்றைக்கும் உண்டு, கணக்கிடும் முறைதான் மாறியிருக்கிறது. போஸ்மனையும் டியாராவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "இனி ஃப்ரீதான்" என்று ரீல் போடுகிறவர்களை, வழக்கு வந்தால் யாரும் தேடிப் பிடிக்கப் போவதில்லை. கட்டப் போவது நீங்கள்.

இதில் வேதனை என்னவென்றால், சம்பளம் வராதவருக்கு டியாரா தீர்ப்பே தேவையில்லை. 2018 ஜூன் முதல் ஃபிஃபாவின் விதிப் புத்தகத்திலேயே வழி இருக்கிறது. குறைந்தது 2 மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் கேட்டு, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் தராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். முறித்தபின் பாக்கிச் சம்பளம் மட்டும் இல்லை, மீதி ஒப்பந்தக் காலத்துத் தொகையில் புதுக் கிளப்பில் கிடைக்கும் சம்பளத்தைக் கழித்ததுபோக மிச்சம், அதற்கு மேல் பொதுவாக 3 மாதச் சம்பளம் கூடுதல். இவ்வளவும் ஒரு பக்கக் கடிதத்தில் தொங்குகிறது. அந்த ஒரு பக்கத்தை எழுதாமல் ஃப்ளைட் ஏறியதால் கிளப் இப்போது, "அவர்தான் ஓடிப்போனார், எங்களுக்குத்தான் நஷ்டம்" என்று வழக்குப் போட்டிருக்கிறது. வாதாடலாம். நாலு மாதப் பாக்கி என்பது சின்ன விஷயம் இல்லை என்று வாதாடத்தான் போகிறேன். கடிதம் இருந்திருந்தால் வாதமே தேவைப்பட்டிருக்காது.

கடிதத்தில் இலக்கியம் வேண்டாம். எந்தெந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும், எந்த வங்கிக் கணக்கில், எத்தனை நாளுக்குள். அவ்வளவுதான். கோச்சுக்கோ கேப்டனுக்கோ இல்லை, ஒப்பந்தத்தில் கிளப் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு. 14 நாள் என்று எழுதாதீர்கள். ஒருவர் எழுதினார், அந்த ஒரு நாளை வைத்தே எதிர்த்தரப்பு மூன்று பக்கம் பதில் எழுதியது. அப்புறம் முக்கியமான ஒன்று: அந்த 15 நாளும் பயிற்சிக்குப் போங்கள். தனியாக ஓடவிட்டாலும் ஓடுங்கள், ஜூனியர்களோடு நிறுத்தினாலும் நில்லுங்கள், மைதானத்தின் கதவை மூடினால் கதவோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கோபத்தில் இரண்டு நாள் வராமல் இருந்தால் கிளப்புக்கு அதுவே போதும். உங்கள் நாட்டிலோ ஆடும் நாட்டிலோ ஆட்டக்காரர் சங்கம் இருந்தால் முதல் நாளே போன் போடுங்கள், பெரும்பாலும் மாதிரிக் கடிதம் வைத்திருப்பார்கள்.

இன்னொரு தாள் இருக்கிறது, சம்பளம் தராததைவிட மோசமானது. கிளம்பும் நாளில், ஏர்போர்ட்டுக்குக் கார் நிற்கும்போது, அலுவலகப் பையன் ஒருவர் ஒரு தாளை நீட்டுவார். "சும்மா ஃபார்மாலிட்டி, கையெழுத்துப் போட்டாத்தான் ரிலீஸ் கிடைக்கும்." உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? இருவரும் மனமொப்பிப் பிரிகிறோம், எனக்கு வரவேண்டியது ஏதும் இல்லை. என்னிடம் வந்தவர் கவரில் இருந்த அந்த இரண்டு தாள்களும் அதுதான். மொழிபெயர்க்கச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். காலக்கெடு இல்லாவிட்டாலும் அந்த இரண்டு கிளப்பிலும் கஷ்டம்தான். தகராறை வைத்து உங்கள் சான்றிதழைக் கிளப் முடக்க முடியாது. அதனால் அந்த அவசரத்துக்கு அர்த்தமே இல்லை. புரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து. போனில் படம் எடுத்து அனுப்பி, அரை நாள் காத்திருந்தால் ஃப்ளைட் ஒன்றுதான் போகும்.

சேரும்போது பார்க்க வேண்டியதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளத்துக்குப் பக்கத்தில் வரி போகவா, வரியோடா என்று எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்ன வீடும் டிக்கெட்டும் தாளில் இல்லையென்றால் இல்லை. சம்பளத்தில் பாதியை 'பட உரிமை' (உங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை) என்று வேறொரு கம்பெனியோடு தனி ஒப்பந்தமாகப் போடச் சொன்னால் உஷார், பின்னால் அந்தப் பாதிக்கு எங்கே வழக்குப் போடுவது என்பதே ஒரு வழக்காகும். "மெடிக்கல் பாஸானால்தான் ஒப்பந்தம் செல்லும்" என்ற வரி செல்லாது. மெடிக்கலைக் கிளப் கையெழுத்துக்கு முன்னால் முடித்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பக்கத்தில் தகராறு எங்கே தீர்க்கப்படும் என்று ஒரு வரி இருக்கும், யாரும் படிக்காத வரி. அயல்நாட்டு ஆட்டக்காரருக்கும் கிளப்புக்கும் நடுவே என்றால் ஃபிஃபாவிடம் போகலாம், அங்கே ஆட்டக்காரருக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் அந்த வரி உங்களை அந்த நாட்டு நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். இன்னொன்று, பணம் கட்டாததால் புது ஆட்டக்காரரைப் பதிவு செய்யத் தடை வாங்கிய கிளப்புகளின் பட்டியலை ஃபிஃபா இணையத்தில் வைத்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை. ஏஜென்ட் பார்த்திருப்பார் என்று விடாதீர்கள், அவருக்குக் கமிஷன் கையெழுத்தில் வருகிறது, உங்களுக்குச் சம்பளம் மாதக் கடைசியில் வருகிறது.

அவருடைய 3 மாதத்துக்கான மனுவை ஒன்பதாம் நாள் போட்டுவிட்டோம். அன்றிரவு 11 மணிக்கு அவரிடமிருந்து நாலு படம் வந்தது. புதுக் கிளப், ஏழாவது நாடு, சீசன் முடியும்வரை ஆறு மாத ஒப்பந்தம். "மேடம், நல்லா இருக்கா பாருங்க, நாளைக்குக் காலைல சைன் பண்ணணுமாம்." ஒவ்வொரு படத்தின் கீழும் 'மொத்தம் 5 பக்கம்' என்று அச்சாகியிருந்தது. கடைசிப் பக்கம் எங்கே என்று கேட்டு அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. இதை எழுதி முடிக்கும்வரை பக்கம் வரவில்லை.