பதிலைப் பிள்ளையே சொல்லட்டும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே இருக்கும் மியர்பேங்க், பல பத்தாண்டுகள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையைச் சுவாசித்த ஊர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இழுப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) மருந்தை உள்ளிழுக்கும் பம்பு வாங்க, நர்ஸான என்னிடம் வருவார்கள். "எப்போதிலிருந்து இருமல்?" என்று பையனைக் கேட்பேன். அம்மா பதில் சொல்வார். "ராத்திரி தூக்கம் எப்படி?" அதற்கும் அம்மாதான்.

போன மாதம் 14 வயதுப் பையன் ஒருவன். "அக்கா, பத்து நிமிஷம் வெளியே இருங்க" என்றேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பையனிடம் பம்பைக் கொடுத்து, போட்டுக் காட்டச் சொன்னேன். குலுக்கவில்லை. வாயில் வைத்து இரண்டு அழுத்து அழுத்தி, உடனே மூச்சை விட்டுவிட்டான். வருஷக்கணக்காக மருந்தெல்லாம் நாக்கிலேயே தங்கியிருக்கிறது! குலுக்கு, மூச்சை முழுசாக விடு, உதட்டை இறுக்கி மூடு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒரு அழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். நாலாவது தடவை சரியாக வந்தது.

அப்புறம்தான் கேட்டான். "சிஸ்டர், வேப் இழுத்தா எனக்கு இழுப்பு வருமா?"

வரலாம், இருக்கிற இழுப்பும் மோசமாகலாம் என்றேன். பள்ளிக்கூடக் கழிப்பறையில் நண்பன் அந்த மின்சிகரெட்டை நீட்டினால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். விழித்தான். வெறுமனே வேண்டாம் என்றால் கிண்டல் செய்வார்களாம். கொஞ்சம் யோசித்து அவனே சொன்னான்: "நான் பம்பு போடுறவன்டா, எனக்கு ஆகாது." நான் நண்பனாக நடித்து நீட்ட, அவன் அதையே மூன்று தடவை சொல்லிப் பழகினான். மூன்றாவது தடவை தலை நிமிர்ந்திருந்தது.

நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, 12 வயதைத் தாண்டி, நன்மை தீமையைப் புரிந்துகொள்ளும் பக்குவமும் உள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 12 வயதே போதும். அறுவைச் சிகிச்சை என்றால் பெற்றோர் துணை நிற்க வேண்டும். இதைச் சொன்னால் சில பெற்றோருக்குக் கோபம் வருகிறது. பிள்ளை தப்பாக முடிவெடுத்துவிடுமோ என்ற பயம் பெற்றவர்களுக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் இருமலைப் பற்றிக்கூட வாய் திறக்கவிடாமல் வளர்த்த பிள்ளை, அதைவிடப் பெரிய விஷயத்தில் திடீரென்று எப்படி முடிவெடுக்கும்? வீட்டில் இன்றே தொடங்கலாம். மருந்து நேரத்தை அவனே கவனிக்கட்டும், டாக்டரிடம் கேட்க வேண்டியதை அவனே எழுதிக்கொண்டு வரட்டும்.

அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். மருந்து முறையைப் பையனையே சொல்லச் சொன்னேன். "இது தினம் ரெண்டு வேளை, போட்டதும் வாய் கொப்பளிக்கணும். நீலப் பம்பு இழுப்பு வந்தா மட்டும்." நடுவில் ஒரு இடத்தில் திக்கினான். அம்மா எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார், அப்புறம் மூடிக்கொண்டார்.