காயில் கட்டும் சித்தப்பா, பூப் பறிக்கும் சித்தி

காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் என் சித்தி வீடு. விடியற்காலை 3.30 மணிக்கு அலாரம் இல்லாமலே எழுந்துவிடுவார். நெற்றியில் டார்ச் லைட்டும் இடுப்பில் மடியும் கட்டிக்கொண்டு குண்டுமல்லித் தோட்டத்தில் இறங்கினால், மொட்டு விரியும் முன்னே பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவார். சித்தப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். ராத்திரி 10 மணிக்கு மேல்தான் அவருக்குக் கை நன்றாக ஓடும். செம்புக் கம்பியை ஒரு சுற்றும் பிசகாமல் இறக்கி முடித்துப் படுக்கும்போது மணி 12.30 ஆகியிருக்கும்.

அவர்களுக்குள் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி ராத்திரி 9.30 மணிக்கு மேல் நடந்தவை. பொண்ணோட காலேஜ் பீஸ், பூ வியாபாரியிடம் நிற்கும் பாக்கி என்று சித்தப்பா ஆரம்பிப்பார். "ஏங்க, காலையில பேசிக்கலாம்" என்று சித்தி திரும்பிப் படுத்துக்கொள்வார். காலையில் சித்தி பேச வரும்போது சித்தப்பா போர்வைக்குள் இருப்பார். என் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை என்று இருவருமே வருஷக்கணக்கில் மனத்தாங்கலோடு இருந்தார்கள். அந்த ராத்திரிகளில் அவர்கள் உடம்புக்குள் என்ன நடந்தது என்று தெரிந்திருந்தால் அந்த வருத்தத்தில் பாதி குறைந்திருக்கும்.

கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் இரண்டு சின்னஞ்சிறு நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கேழ்வரகு மணி அளவுகூட இருக்காது. இரண்டிலும் சேர்த்துச் சுமார் 20,000 நரம்பணுக்கள். உடம்பின் தலைமைக் கடிகாரம் இதுதான். ஓர் உயிரணுவுக்குள் ஒரு மரபணு புரதத்தை உண்டாக்குகிறது. அந்தப் புரதம் போதிய அளவு சேர்ந்ததும், தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்கிவிடுகிறது. பிறகு புரதம் மெல்லச் சிதைய, மரபணு மறுபடி விழிக்கிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். இதைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

'ஏறக்குறைய' என்றேனே, விஷயமே அதில்தான் இருக்கிறது. மனிதர்களுக்குச் சராசரியாக அந்தச் சுற்று 24 மணிக்குச் சில நிமிஷங்கள் கூடுதலாக ஓடுகிறது. ஆளுக்கு ஆள் அது கொஞ்சம் மாறும். சுற்று நீளமாக உள்ளவர்களுக்குத் தூக்கம் பின்னால் தள்ளிப்போகும், குறைவாக உள்ளவர்களுக்கு முன்னால் வரும். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், ராத்திரி வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. 2019-இல் ஏறக்குறைய 7 லட்சம் பேரின் மரபணுத் தகவலை வைத்துச் செய்த ஆய்வில், இந்தக் காலை-இரவு இயல்போடு தொடர்புள்ள 351 இடங்கள் மரபணுத் தொகுப்பில் தெரியவந்தன. சித்தியை விடியலில் எழுப்புவது தோட்டம் மட்டுமல்ல. பூ வரத்து குறைந்து, பறிக்க ஒன்றுமில்லாத மார்கழியிலும் அவர் 4 மணிக்குள் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

இப்போது அந்த ராத்திரி 9.30 மணிக்கு வருவோம். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பே, ராத்திரி வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கிவிடும். 8.30 மணிக்குப் படுத்துப் பழகிய சித்திக்கு அது 6.30 மணிக்கே ஆரம்பித்திருக்கும். சித்தப்பாவுக்கு 10.30 வரை அந்தப் பேச்சே இல்லை. ஒரே அறையில், ஒரே டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் ஒருவருக்கு நடு ராத்திரி, இன்னொருவருக்குச் சாயங்காலம். போதாக்குறைக்கு, அதுவரை தூங்காமல் இருந்தால் சித்தி விழித்து அப்போது 18 மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அந்த நிலையில் இருப்பவரிடம் போய் பீஸ் கணக்குப் பேசினால் என்ன பதில் வரும்? காலையிலும் இதே கதைதான், ஆள் மட்டும் மாறுவார். தூக்கத்திலிருந்து எழுப்பியதும் மூளையின் மந்தம் உடனே விலகாது. பல நேரம் அரை மணி வரை பிடிக்கும்.

இது தாம்பத்தியத்தை எப்படித் தொடுகிறது என்று பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜெஃப்ரி லார்சனும் அவர் குழுவினரும் 1991-இல் 150 தம்பதிகளை ஆராய்ந்தார்கள். தூங்கி விழிக்கும் நேரம் பொருந்தாத தம்பதிகளிடம் சச்சரவு கூடுதல். மனம்விட்டுப் பேசுவது, சேர்ந்து ஏதாவது செய்வது, உடலுறவு மூன்றுமே குறைவு. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நேரம் பொருந்தாமலே நன்றாக வாழ்ந்தவர்களும் இருந்தார்கள்; பிரச்சினை வரும்போது வளைந்துகொடுப்பது அவர்களிடம் அதிகம். ஒரு கருத்துக்கணிப்பை வைத்து எது காரணம், எது விளைவு என்று அறுதியிட முடியாது. மனம் கசந்ததால் வேறு வேறு நேரத்தில் படுப்பவர்களும் இருக்கலாமே. இருந்தாலும், சேர்ந்து விழித்திருக்கும் நேரம் சுருங்கினால் பேச்சும் சுருங்கும் என்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நம் பக்கம் பத்துப் பொருத்தம் பார்க்கும்போது, எத்தனை மணிக்குத் தூக்கம் வரும் என்று பெண்ணிடமும் பையனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவைக்கலாம். பொருந்தவில்லை என்று தட்டிக்கழிப்பதற்கு அல்ல, முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வதற்கு.

ஓசூர் சிப்காட்டில் வாராவாரம் ஷிப்ட் மாறுபவர்களின் கதை வேறு. அங்கே இயல்பு எதுவானாலும் கடிகாரத்தை வேலை உலுக்கிவிடுகிறது.

வயதும் ஒரு கை கொடுக்கிறது. 20 வயதையொட்டி மிகவும் பின்தங்கி ஓடும் கடிகாரம், அதன்பின் மெல்ல முன்னால் நகர்கிறது. 50 வயது வரை சராசரியாக ஆண்கள் பெண்களைவிடத் தாமதம். அதற்குப் பிறகு அந்த வித்தியாசம் கரைந்துபோகிறது. சித்தப்பாவுக்கு இப்போது 48.

அவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. போன வருஷத்திலிருந்து பகல் 12 மணிக்குச் சித்தி களியும் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்காருகிறார். பீஸ் கட்டும் தேதி, பூக்காரர் தர வேண்டிய பாக்கி எல்லாம் அப்போதுதான் பேசுகிறார்கள். கம்பி எடை குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கணக்கெல்லாம் சித்தியின் கையெழுத்தில் இருக்கிறது.