சொல் விளக்கம்: அங்கதம்

குறையைக் கேலியால் குத்திக் காட்டுவதைச் சொல்லும் 'சட்டயர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன் 'சாத்துரா'. பலவகைக் கனிகளை நிறைத்து வைத்த தட்டுக்கு 'லாங்க்ஸ் சாத்துரா' என்று பெயர். நம்மூர்ச் சீர்வரிசைத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணக் கேலியைப் பேச வசதியான தட்டு.

தமிழில் இதற்குரிய சொல் அங்கதம். (தோள்வளைக்கும் அதே பெயர் உண்டு, அது வேறு.) தொல்காப்பியச் செய்யுளியல் இதை இரண்டாகப் பிரிக்கிறது. முகத்துக்கு நேரே வைவது செம்பொருள் அங்கதம். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம்.

முன்னதற்கு டெல்டாவிலேயே சாட்சி இருக்கிறது. நாகையில் காத்தான் சத்திரத்தில் பொழுது சாயும்போதுதான் அரிசி வரும், அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைத்துவிடும் என்று பாடினார் புலவர் காளமேகம். தஞ்சை வட்டாரக் கல்யாணங்களில் நலங்கின்போது பெண்கள் பாடும் சம்பந்தி ஏசலும் இந்த ரகம்தான்.

பழிகரப்புக்குப் படக்கதையைவிட வாகான இடம் கிடையாது. கும்பகோணத்தில் பெண் பார்க்கும் கட்டம் ஒன்றை வரைவதாக வைத்துக்கொள்வோம். பிள்ளையின் அப்பா வாயருகே குமிழ்: "எங்களுக்குன்னு ஒண்ணும் வேணாங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்ங்க." படத்தில் அவர் கை பஜ்ஜித் தட்டில் இருக்கிறது, கண் ஜன்னலுக்கு வெளியே தென்னை மரங்களை எண்ணுகிறது. காபி டம்ளர்களோடு பெண், கட்டத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறாள். அவளுக்குக் குமிழே போடவில்லை. ஓவியர் யாரையும் ஒரு வார்த்தை வையவில்லை, கவனியுங்கள்.

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். வெளிப்படையாகக் கேட்டால் குற்றம் என்பதால் கேட்கிறவரே கரந்துதான் கேட்கிறார். வாய் மறைப்பதைப் படம் அவிழ்த்துவிடுகிறது. வெறும் எழுத்தில் இதைச் செய்ய ஒரு பத்தி ஆகும்.

நையாண்டி என்று எழுதினாலும் புரியும்தான். ஆனால் நையாண்டிக்குச் சிரிப்பு போதும், அங்கதத்துக்கு அடிபட ஓர் ஆள் வேண்டும். பகடி என்பது ஒருவருடைய நடையையே எடுத்து அவரைக் கேலி செய்வது. கார்ட்டூனுக்கு நாம் சொல்லும் கேலிச்சித்திரம் பெரும்பாலும் ஒற்றைப் படம். கட்டம் கட்டமாக ஓடுவதை 'அங்கதப் படக்கதை' என்றே எழுதலாம்.