மாரியில் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

நமது மட்டக்களப்புப் பக்கத்தில் மாரி என்றால் மழை மட்டும் இல்லை, கையில் காசு புழங்காத காலமும் அதுதான். முன்மாரி வேளாண்மை செய்தவரின் காசெல்லாம் விதைநெல்லாகவும் பசளையாகவும் வட்டைக்குள், அதாவது வயலுக்குள் போய்விட்டது, அது திரும்பி வர மாசி பங்குனி வெட்டு வரைக்கும் காத்திருக்க வேண்டும். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்தால் தோணி இறங்காது. மேசன் வேலை நிற்கும், கூலி நிற்கும், பெட்டிக்கடையில் கடன் கொப்பி தடிக்கும். சரி, வருத்தமாவது இந்த நேரம் கொஞ்சம் ஒதுங்கி நிற்குமா என்றால் அதுவும் இல்லை. காய்ச்சல், முட்டு (மூச்சு இழுப்பு), வயிற்றோட்டம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன.

கிராமத்து ஆஸ்பத்திரியின் ஓபிடியில் இருந்து இதைப் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். மாரியில் நமது சனம் பயத்துக்குச் செலவழித்துவிட்டு மருந்தில் மிச்சம் பிடிக்கிறது.

ஒரு அம்மா மேசையில் வைத்த சொப்பிங் பேக்கைச் சொன்னால் விளங்கும். மகளுக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்றைக்கே வெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டு, பாமசியில் கேட்டு வாங்கிய அன்டிபயோட்டிக், ஒரு போத்தல் விற்றமின் சிரப். அதே பேக்கின் அடியில் கடுதாசியில் சுற்றிய அவரது புருஷனின் பிரசர் குளிசைகள், கத்தியால் பாதி பாதியாக வெட்டினபடி. "கிளினிக்குக்குப் போக ரோட்டுக்கு மேலால தண்ணி டொக்டர், ஆட்டோக்காரன் கேக்கிற காசும் இல்ல, அதான் பாதி பாதியா குடுக்கிறன்" என்றார். மகளின் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, முதல் நாளில் பெரும்பாலும் இருக்கவும் இருக்காது. புருஷனின் பிரசர்தான் எகிறிப்போய் இருந்தது. காசை அப்படியே மாற்றிச் செலவழித்திருக்கிறார் பாவம்.

முதலில் காய்ச்சல். 2017 இல் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள், அந்த வருடத்துப் பயம் இன்னும் நமது மனதில் இருக்கிறது, இருப்பதில் பிழையும் இல்லை. ஆனால் டெங்குவில் முதல் நாள் எடுக்கிற இரத்தக் கலங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் வழமையாகவே இருக்கும், அதைப் பார்த்து "டெங்கு இல்லை" என்று வீட்டுக்குப் போய் அப்புறம் ஐந்தாம் நாள் கைகால் குளிர்ந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலின் மூன்றாம் நாள் அந்தப் பரிசோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், அரச ஆஸ்பத்திரியில் அது இலவசம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், சீனி வருத்தக்காரர் மூன்றாம் நாள் வரை இருக்கக் கூடாது, முதல் நாளே காட்ட வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டிய வைத்தியம் மலிவானது, மலிவு என்பதாலேயே பலர் அதை நம்புவதில்லை. பரசிட்டமோல் மட்டும் போதும், நல்ல உடம்புள்ள பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம், மெலிந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நிறையைப் பார்த்துத்தான் அளவு. காய்ச்சல் "டக்கென்று இறங்க வேணும்" என்று டைக்குளோபினாக், இபுபுறூபன் போட வேண்டாம், பின்பக்கத்தால் வைக்கிற குளிசையும் அந்த டைக்குளோபினாக்காக இருக்கலாம், டெங்குவாக இருந்தால் இரத்தப் பெருக்கைக் கூட்டிவிடும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2.5 லீற்றர் அளவில் நீராகாரம் போக வேண்டும், வெறும் தண்ணீராக இல்லாமல் கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல்), சூப் என்று கலந்து. சிவப்பு, மண்ணிற பானங்களைத் தவிருங்கள், சத்தியில் இரத்தம் வந்தாலும் தெரியாமல் போகும். ஒரு கொப்பித்தாளில் காய்ச்சலின் அளவையும் எத்தனை மணிக்குச் சலம் போனது என்பதையும் எழுதி வைத்துக் கொண்டுவந்தால், அந்தத் தாள் எனக்கு ஒரு ஸ்கேன் அறிக்கையை விடப் பிரயோசனமானது.

எல்லோரும் கேட்பது பிளேட்லெட், இரத்தத்தை உறையவைக்க உதவுகிற சின்னக் கலங்களின் எண்ணிக்கை. பக்கத்து வீட்டாருக்கு எத்தனை, நமக்கு எத்தனை என்று பரீட்சைப் புள்ளி மாதிரி ஒப்பிடுகிறார்கள், பப்பாசி இலை அரைத்துக் குடிக்கிறார்கள், அந்தக் கைப்பில் சத்தி எடுத்து உள்ளே இருந்த தண்ணீரும் வெளியே போகிறது. டெங்குவில் ஆளை விழுத்துவது பெரும்பாலும் அந்த எண் இல்லை, இரத்தக் குழாயில் இருந்து திரவம் கசிவது. அது காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் நடக்கிறது. "காய்ச்சல் விட்டுட்டு" என்று பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் விழிப்பாக இருக்க வேண்டியது. வயிற்றுவலி, நிற்காத சத்தி, சோர்ந்து கிடப்பது, கைகால் குளிர்வது, முரசில் (பல் ஈறில்) இரத்தம், 6 மணித்தியாலமாகச் சலம் போகாதது, இதில் ஒன்று கண்டாலும் நேரம் பார்க்காமல் வாருங்கள். வாகனத்துக்குக் காசு இல்லாவிட்டால் 1990 ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

வட்டையில் இறங்குகிறவர்களுக்கு வேறு கதை. எலிக்காய்ச்சலைப் பற்றி ஓரளவு எல்லோருக்கும் தெரியும், 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோன பிறகு இங்கேயும் கதைத்தார்கள். கெண்டைக்கால் தசையில் தொட முடியாத வலி, கண் சிவப்பு, சலம் குறைதல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். வயலில் வேலை நடக்கிற காலம் முழுக்கக் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் எடுத்தால் ஆபத்து நன்றாகக் குறையும். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு குடியுங்கள், குடித்த கையோடு படுக்க வேண்டாம், நெஞ்சை எரிக்கும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள் கேட்காமல் எடுக்கக் கூடாது. இலவசமாகக் கிடைக்கிற குளிசையை வாங்கிக் கொண்டுபோய் அலுமாரியில் வைக்கிறவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

ஆனால் நமது மண்ணில் இன்னொன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கதைப்பதில்லை. மெலியோய்டோசிஸ் என்று பெயர். சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் ஒரு பக்டீரியா, காலில் உள்ள வெடிப்பாலும் காயத்தாலும் உள்ளே போகும், பலத்த மழை காற்றில் மூச்சோடும் போகும். மட்டக்களப்புக்கு இது புதிய நோய் அல்ல. இது முக்கியமாகப் பிடிப்பது சீனி வருத்தக்காரரை, அதுவும் சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவரை. நியூமோனியா மாதிரி வரும், தோலிலோ ஈரலிலோ சீழ்க்கட்டி மாதிரி வரும், வழமையான அன்டிபயோட்டிக்குக்கு அசையாது. கிருமியைப் பிடிக்க இரத்தக் கல்ச்சர் வேண்டும், பிடித்தால் குறைந்தது இரண்டு கிழமை ஊசி மருந்து, பிறகு மூன்று மாதமாவது குளிசை. எலிக்காய்ச்சலுக்கு எடுக்கிற டொக்சிசைக்கிளின் இதைத் தடுக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். ஆகவே சீனி வருத்தம் உள்ள ஒருவர் காய்ச்சலோடு வந்தால் வைத்தியரிடம் வாய் திறந்து இரண்டு விடயம் சொல்ல வேண்டும், ஒன்று எனக்குச் சீனி இருக்கிறது, மற்றது நான் வட்டைக்குப் போகிறவன். சனம் நிறைந்த ஓபிடியில் வைத்தியர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். ஒரு சோடி பூட்ஸ் விலைதான், தெரியும், காசு தட்டுப்பாடான வீட்டில் அது பெரிய செலவு. ஆனால் காலில் விறைப்பு உள்ள சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு சேற்றில் நிற்பதை விட மலிவு. வாங்க முடியாவிட்டால் காயத்தையாவது நீர் புகாத பிளாஸ்டரால் மூடிக்கொண்டு இறங்குங்கள், ஏறியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

முட்டு இழுக்கிறவர்களுக்கும் இதே சிக்கனப் பிழைதான். கிளினிக்கில் கொடுக்கும் பம்மை (வாயால் உள்ளிழுக்கிற மருந்தை) "பழகிப்போயிரும்" என்று பயந்தும், முடிந்துவிடும் என்று மிச்சம் பிடித்தும், சுகமான நாளில் விட்டுவிட்டு இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி வருகிறார்கள். தடுப்புப் பம் தினமும் அடித்தால்தான் வேலை செய்யும், அதில் பழக்கம் பிடிக்கிற சாமான் ஒன்றும் இல்லை. அடித்ததும் வாயைக் கொப்பளியுங்கள், அவ்வளவுதான். வீட்டுக்குள் ஈர விறகின் புகை, இரவு முழுக்க நுளம்புச் சுருள், படுக்கிற அறையிலேயே கொடி கட்டிக் காயப்போட்ட துணி, இந்த மூன்றையும் குறைத்தால் முட்டும் ஓரளவு குறையும். விறகையும் பொச்சுமட்டையையும் புரட்டாசிக்குள் கூரைக்குக் கீழே அடுக்கி வைப்பது நமது பெத்தாமார் செய்த காரியம், அதற்கு நிகரான சுவாச வைத்தியம் எனக்குத் தெரியாது. குளிருக்குத் தணல் சட்டியைப் பூட்டிய அறைக்குள் வைத்துப் படுக்க மட்டும் வேண்டாம், அதில் வரும் காபன் மொனொக்சைட்டு மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லும்.

சாப்பாட்டில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம், இதில் நான் சனத்தின் பக்கம். மாரியில் மரக்கறி விலை ஏறும், கடல்மீன் குறையும். ஆனால் வேலியில் முருங்கை இருக்கிறது, வளவில் பொன்னாங்காணி, வல்லாரை, முசுட்டை எல்லாம் மழைக்குத் தானாக வளர்கிறது. பயறு, கவுப்பி, பருப்பு, முட்டை, வாவியில் பிடிபடும் சின்ன மீன், இதைவிட ஒரு விற்றமின் போத்தல் பெரிதாக ஒன்றும் செய்யாது, அந்தப் போத்தல் காசுக்கு வீட்டில் எல்லோருக்கும் முட்டை வரும். கருவாடு நல்லது, பிரசர் உள்ளவருக்கு மட்டும் ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டுக் கறியாக்குங்கள். குரக்கனும் மாச்சத்துதான், "சீனிக்கு நல்லம்" என்று பிட்டை மலையாகக் குவிக்க வேண்டாம். மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் குழந்தையின் பால்மா, கரண்டியைக் குறைத்துத் தண்ணியாகக் கரைத்தால் பிள்ளை பசியிலும் இருக்கும், மெலியும். கர்ப்பிணிக்கு வருகிற திரிபோஷாச் சத்துமாவை வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்து முடிப்பதும் நடக்கிறது, எனக்குக் கோபம் வருகிற விடயங்களில் அது ஒன்று.

வெள்ளம் ஏறிய கிணற்றை மலசலகூடக் குழியோடு கலந்ததாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பிஎச்ஐ வந்து குளோரின் போடும் வரை குடிக்க வேண்டாம். போட்ட பிறகும் கொதிக்க வைத்த தண்ணீர்தான். சோறு இறக்கியதும் அடுப்பு சூடாக இருக்கும்போதே கேத்தலை ஏற்றிவிட்டால் விறகும் மிச்சம், தளதளவென்று கொதித்ததும் பிளாஸ்கில் ஊற்றுங்கள். ஜீவனிப் பக்கெட் ஒன்று ஒரு லீற்றருக்கு. பக்கெட்டை மிச்சம் பிடித்து அரை அரையாகக் கரைப்பதும், நேற்றுக் கரைத்ததை இன்றைக்குக் குடிப்பதும் வேண்டாம்.

இனி மனதைப் பற்றி. டிசம்பரில் நெஞ்சுப் படபடப்போடு வருகிறவர்கள் கூடுகிறார்கள், கரையோரச் சனம் அதிகம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட கிழவர்கள், 2004 டிசம்பர் 26 இல் ஆட்களைப் பறிகொடுத்த தாய்மார். இரவில் கடல் இரைகிறது, வாடை கதவைத் தட்டுகிறது, நித்திரை இல்லை, போனைத் திறந்தால் யாரோ ஒருவரின் குரல்பதிவு, அணை உடைந்தது, புதுக் காய்ச்சல் வந்தது என்று. நெஞ்சு அடிக்காமல் என்ன செய்யும்? இப்படி வருகிறவரை "ஒண்டுமில்ல, போங்க" என்று அனுப்புவது சரியில்லை. ஆனால் ஈசிஜி சரி என்று ஒருமுறை தெரிந்த பிறகு நகையை ஈடு வைத்து இன்னொரு ஊரில், இன்னொரு டொக்டரிடம், அதே ஈசிஜியை எடுப்பதும் அந்தப் பயத்துக்கு மருந்தில்லை. அந்தப் பயத்தையே வாய்விட்டுச் சொல்ல ஆள் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் கதைக்கலாம். அதேநேரம் நெஞ்சை அமத்துகிற வலி, வியர்வை, கைக்கோ தாடைக்கோ ஏறுகிற வலி என்றால் அதைப் பயம் என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், சீனி வருத்தக்காரருக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

கடைசியாக, ரோடு மூடும் முன் செய்ய வேண்டியவை. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போதே, எங்கள் ஊருக்குத் தண்ணீர் வரும், ஒரு கிழமைக்குக் கூடுதலாகத் தாருங்கள் என்று கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் ஒழுங்கு செய்வார்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். கறண்ட் போனால் பாவனையில் உள்ள இன்சுலின் போத்தலைப் பையில் சுற்றி ஈரமான மண்பானையின் குளிரில் வைக்கலாம், உறைய விடக் கூடாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மார்கழி, தை மாதங்களில் பிரசவத் திகதி உள்ளவர்கள் குத்து வரும் வரை இருக்க வேண்டாம், படகும் ஓடாது, பாதையும் இருக்காது. முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் தங்குவதா, வாவிக்கு இந்தப் பக்கம், கிழக்கே எழுவான்கரையில் சொந்தக்காரர் வீட்டில் நிற்பதா என்று உங்கள் மருத்துவமாது மிஸ்ஸிடம் இந்தக் கிழமையே கதைத்து வையுங்கள்.