குரூப்பிங்: தொகுத்தலா, வகுத்தலா?

இலங்கையின் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டக் கணக்குக்கு மென்பொருள் எழுதும் எங்கள் வாயில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் 'குரூப்பிங்'. தமிழில் 'குழுவாக்கம்' என்று எழுதுகிறோம். எனக்கு அது போதவில்லை. அந்த ஒரு பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன.

'குருப்போ' என்ற இத்தாலியச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'குரூப்' ஆனது. முதலில் அது ஓவியர், சிற்பிகளின் சொல். சேர்ந்து நிற்கும் உருவங்களைக் குறித்தது.

தரவுத்தளத்தில் 'குரூப் பை' என்ற கட்டளையைத் தோட்டப் பிரிவின் பெயரோடு போட்டுக் கூட்டுத்தொகை கேட்டால், முப்பது பேர் பறித்த கொழுந்து 'மேற்பிரிவு 312 கிலோ, கீழ்ப்பிரிவு 288 கிலோ' என்று இரண்டே வரியில் வந்து நிற்கும். இது தொகுத்தல். 'தொகை' என்றாலே சேர்த்ததும் கூட்டியதும்தானே!

தரவைக் குறிச்சொற்களுக்குள் அடுக்கி எழுதும் எக்ஸ்எம்எல் அறிக்கையில் நடப்பது வேறு. தரவுத்தளத்திடம் கேட்கும் வினவல் தரும் முப்பது வரியிலும் பிரிவின் பெயர் திரும்பத் திரும்ப வரும். அதை ஒரு முறை மட்டும் தலைப்பாக்கி, ஆட்களை அதற்குள் அடுக்குகிறோம்:

<பிரிவு பெயர்="மேற்பிரிவு">
<ஆள் எண்="14" கிலோ="19"/>
<ஆள் எண்="22" கிலோ="8"/>
</பிரிவு>

(குறிச்சொற்களைத் தமிழிலேயே வைக்க எக்ஸ்எம்எல் இடம் தருகிறது; வையுங்கள்.) இங்கே ஒருவரும் காணாமல் போவதில்லை. இது வகுத்தல். நன்னூலின் உத்திகளில் 'தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல்' என இரண்டும் அடுத்தடுத்தே வருகின்றன.

எக்ஸ்எம்எல்லை அறிக்கையாக உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியின் 1999 பதிப்பில் இதற்கென்று கட்டளை கிடையாது. ஒவ்வொரு பிரிவிலும் முதல் வரியைத் திறவுகோல் கொண்டு பிடிக்கும் ஸ்டீவ் மியூஞ்ச் என்ற நிரலாளரின் உத்திதான் கைகொடுத்தது. 2007இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் 'ஃபார் ஈச் குரூப்' என்ற கட்டளை சேர்ந்தது. எந்த வழியில் போனாலும் எழுத்தைச் சரிபாருங்கள்: 'மேற்பிரிவு', 'மேற் பிரிவு' என்று நடுவே ஓர் இடைவெளி விழுந்தால் தலைப்பும் இரண்டாகிவிடும்.

சொல்லில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு? ஒரு தோட்டத்தில் சம்பளத்தன்று ஓர் அக்கா வந்து, "தம்பி, எனக்கு எந்த நாளு அரைப்பேர் போட்டிருக்குனு காட்டுங்க" என்றார் (அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளக் கணக்கு). நான் கொடுத்திருந்த அறிக்கையில் பிரிவின் மொத்தம் மட்டுமே இருந்தது. அவருடைய வரி இல்லை. வகுக்கச் சொன்னதை நான் தொகுத்துவிட்டிருந்தேன்.

வெறும் 'வகு' என்றால் கணக்கு வகுத்தலோடு குழம்பும். அதனால் இப்போது எங்கள் திரையில் இரண்டு பொத்தான்கள்: 'பிரிவுவாரித் தொகை', 'பிரிவுவாரி ஆள் விவரம்'.