நன்றாக ஓடும் கணினியில் இயங்குதளத்தை ஏன் மாற்ற வேண்டும்?

"நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு மாறச் சொல்லும் அறிவிப்பு திரையில் வந்ததும் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மென்பொருள் டயர் மாதிரி தேய்வதில்லை. பத்து வருடத்துக்கு முன் நிறுவிய நிரல் இன்றும் அதே வேலையைச் செய்யும். ஆனால் அதில் இருக்கும் ஓட்டைகளைப் பற்றி வெளியே தெரிவது மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும்.

ஓர் இயங்குதளத்தில் கோடிக்கணக்கான வரிகள் நிரல் இருக்கிறது. பிழை இல்லாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அவற்றில் சில, வெளியாள் உள்ளே நுழைய வழி விடும் பிழைகள். தயாரிப்பாளர் அவற்றைக் கண்டுபிடித்து 'பேட்ச்' என்ற திருத்தம் மூலம் அடைப்பார். பலர் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது: அந்த பேட்ச்சே ஓட்டையைக் காட்டிக் கொடுத்துவிடும். பேட்ச் போடுவதற்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த இடம் மாறியிருக்கிறது என்று தெரியும். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம்.

புதிய பதிப்பை யாரும் முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. பெரும்பகுதி பழைய பதிப்பிலிருந்தே வருகிறது. அதனால் பழையதற்கு ஆதரவு நின்ற பிறகு, அதாவது தயாரிப்பாளர் அதற்குப் பேட்ச் தருவதை நிறுத்திய பிறகு, புதியதற்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சும் பழையதில் இனி யாரும் அடைக்கப் போகாத ஓர் ஓட்டையை ஊருக்கே அறிவிக்கக்கூடும்.

அடைக்காத ஓட்டை எவ்வளவு ஆபத்து என்பதை 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை காட்டியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல் அது. அது பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே பேட்ச் கொடுத்திருந்தது. 2014-இல் ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கோ, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசரமாக ஒரு பேட்ச் வெளியானது. ஆனால் அதிகம் பாதிக்கப்பட்டவை எக்ஸ்பி கணினிகள் அல்ல. ஆதரவு இருந்தும் பேட்ச் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள்தான்.

பேட்ச் வந்தால்தானே போட முடியும்? ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஆதரவு முடியும் தேதி. விண்டோஸ் 10-க்கு அது 2025 அக்டோபர் 14. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டு. உங்கள் பதிப்புக்கு ஆதரவு இன்னும் இருந்தால், மாதாமாதம் வரும் பேட்ச்சுகளை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு, புதிய பதிப்புக்குச் சில மாதம் பொறுத்தே மாறலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் டிரைவர்கள். பிரிண்டரோடும் ஸ்கேனரோடும் இயங்குதளம் பேசுவது டிரைவர் என்ற மொழிபெயர்ப்பாளர் மூலமாக. பல டிரைவர்கள் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. சாதாரண நிரல் தவறு செய்தால் அந்த நிரல் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் தவறு நடந்தால் கணினியே நின்றுவிடும். 2024 ஜூலையில் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் பிழையான கோப்பு ஒன்றைப் படித்ததில், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன.

இயங்குதளம் மாறும்போது டிரைவரும் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கலாம். பழைய 32 பிட் வகை இயங்குதளத்துக்கு எழுதிய டிரைவர், இன்றைய 64 பிட் வகையின் கெர்னலில் ஓடாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. பழைய ஸ்கேனருக்காக அதன் தயாரிப்பாளர் உட்கார்ந்து புதிய டிரைவர் எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு கருவி இப்படி மூலைக்குப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அந்த ஸ்கேனர் வேண்டும் என்றால், பழைய கணினியை இணையத்திலிருந்து முழுவதுமாகத் துண்டித்து அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணினியே புதிய பதிப்பை ஏற்கவில்லை என்றால்? விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 வசதியைக் கேட்கிறது. குறியாக்கச் சாவிகளைத் தனியே பூட்டி வைக்கும் பாதுகாப்புப் பகுதி அது. இந்தச் சோதனையைக் குறுக்கு வழியில் தாண்டலாம்தான். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் பேட்ச்சுகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பேட்ச்சுக்காகத்தானே மாறவே நினைத்தோம்? அதைவிட, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பு நல்லது. ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு, விலை கிடையாது.

மாறுவது என்று முடிவெடுத்தால், கோப்புகளை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்த பிறகு தொடங்குங்கள். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறினால், பழையதற்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் அவகாசம் இருக்கும். பிரிண்டர், ஸ்கேனர், கேமரா, எப்போதோ ஒருமுறை திறக்கும் கணக்கு மென்பொருள், எல்லாவற்றையும் அதற்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.