சவுனா: சொல்லும் அதற்கான தமிழும்

கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ ‘நார்டிக் ஸ்பா’ என்ற பெயரில் திறந்தவெளிக் குளியலிடங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு முழுநாளையும் நிதானமாகக் கழிக்கிறார்கள். சூடான மரஅறையில் வியர்க்க வியர்க்க உட்காருவது, குளிர்ந்த நீரில் முங்கி எழுவது, துண்டைச் சுற்றிக்கொண்டு சாய்ந்து கிடப்பது, அப்புறம் மறுபடி அறைக்குள் போவது. அந்த மரஅறையின் பெயர்தான் சவுனா.

ஆங்கிலத்தின் வழியாக வந்ததால் சோனா, சானா என்றெல்லாம் நாம் எழுதுகிறோம். பின்லாந்துக்காரர்கள் ‘சவு’ என்பது தெளிவாகக் கேட்கும்படி சவுனா என்கிறார்கள். சொல் அவர்களுடையது, ஆகவே அப்படியே எழுதுவதுதான் சரி. நார்டிக் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் என்றும் இதை எண்ணிவிடக் கூடாது. ஸ்வீடனில் இதன் பெயர் பஸ்து. ‘குளியல் வீடு’ என்ற பொருள்கொண்ட பழைய தொடர் சுருங்கி அப்படி ஆகியிருக்கிறது. பின்லாந்தில் பேசும் பின்னிய மொழி வேறு குடும்பம். அதன் நெருங்கிய உறவான எஸ்தோனிய மொழியில் சவுன் என்கிறார்கள். வடகோடியில் வாழும் சாமி மக்களின் மொழியில் இதற்கு இனமான சொல், பனியில் தோண்டிய குழியைக் குறிக்கிறது. மேட்டுச் சரிவில் குழி தோண்டி அமைத்த இருப்பிடமே தொடக்ககாலச் சவுனா என்ற கருத்துக்கு இது பொருந்துகிறது.

பழைய முறைச் சவுனாவுக்குப் புகைபோக்கி கிடையாது. கல்லடுப்பில் மணிக்கணக்காக விறகெரிப்பார்கள், புகை அறை முழுவதும் நிறையும். நெருப்பு அடங்கி, புகையை வெளியேற்றிய பிறகுதான் ஆட்கள் உள்ளே போவார்கள். சுவரெல்லாம் கரி படிந்து கறுத்திருக்கும். வீட்டிலேயே சூடான, துப்புரவான இடம் அதுதான் என்பதால் பெண்கள் அங்கே பிள்ளை பெற்றார்கள். இறந்தவர்களைக் கழுவியதும் அங்கேதான். இன்று சுமார் 55 லட்சம் பேர் வாழும் பின்லாந்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சவுனாக்கள் உள்ளன. தாம்பரே நகரில் 1906இல் தொடங்கிய ராயபோர்த்தி பொதுச் சவுனா இப்போதும் இயங்குகிறது. 2020இல் யுனெஸ்கோ பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

சவுனாவை விளக்க இன்னொரு சொல்லும் வேண்டும்: லொய்லு. அகப்பையால் தண்ணீரை மொண்டு சூடேறிய கற்களின் மேல் ஊற்றினால் ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம் எழும். பெரும்பாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒரு நொடி கழித்து முதலில் காதுமடலில் சுடும், பிறகு தோளில் இறங்கும். மேல்தட்டில் உட்கார்ந்திருப்பவர் தலையைக் குனிந்துகொள்வார். அந்த வெப்ப அலைதான் லொய்லு. இந்தச் சொல்லின் உறவான ஹங்கேரியச் சொல் லேலெக், அதற்கு உயிர், ஆன்மா என்று பொருள். பழங்காலத்தில் லொய்லுவும் அந்தப் பொருளையே கொண்டிருந்தது. தமிழில் கொதிநீரிலிருந்து எழுவதும் ஆவி, உயிரும் ஆவி. பின்னிய மொழிக்கும் தமிழுக்கும் உறவில்லை, ஆனாலும் இரண்டும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. லொய்லுவுக்கு ஆவி என்பதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேட வேண்டியதே இல்லை.

அப்படியானால் சவுனாவை நீராவிக் குளியல் என்று சொல்லலாமா? பலரும் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. நீராவி அறையில் வெப்பம் 45 டிகிரி அளவில்தான் இருக்கும், காற்றோ ஈரத்தில் ஊறிக்கிடக்கும். சவுனாவில் 80 டிகிரியைத் தாண்டும், காற்று உலர்ந்திருக்கும். கல்லில் தண்ணீர் ஊற்றும் கணத்தில்தான் ஈரம் ஏறும், பிறகு அதுவும் தணிந்துவிடும். அந்த உலர்ந்த காற்றினால்தான் அவ்வளவு சூட்டைத் தாங்க முடிகிறது. வெந்நீர்க் குளியல் என்பதும் ஒத்துவராது, ஏனென்றால் உள்ளே யாரும் வெந்நீரில் குளிப்பதில்லை.

என் தெரிவு வேது. சூடு என்பது இதன் அடிப்படைப் பொருள். சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருந்துகளில் வேதுவும் ஒன்று. சளி பிடித்தால் நொச்சித்தழை போட்டு வேது பிடிப்பது நமக்கு நன்றாகத் தெரிந்ததே. பிள்ளை பெற்றவளை மருந்திலை போட்டுக் காய்ச்சிய நீரில் குளிப்பாட்டுவதற்கும் இந்தச் சொல் வழங்கியிருக்கிறது. சூடு, வியர்வை, ஆவி, தழை, பேறுகாலம் ஆகிய எல்லாமே பின்லாந்துச் சவுனாவிலும் உண்டு. அங்கே தழை என்பது பூர்ச்சமரத்தின் இலைக்கொத்து. அதைக் கொண்டு உடம்பில் தட்டிக்கொள்வார்கள். மேற்கே அதை விஹ்தா என்றும் கிழக்கே வாஸ்தா என்றும் சொல்கிறார்கள்.

ஆக, கட்டடத்துக்குச் சவுனா என்ற பெயரே இருக்கட்டும், இட்லியைப் பிறமொழிகள் இட்லி என்றே சொல்வது போல. செயலுக்கு வேதுக்குளியல் என்று எழுதலாம். ‘சவுனா எடுத்தேன்’ என்பது ஆங்கிலத் தொடரின் நிழல். பின்னிய மொழியில் இதற்குத் தனி வினைச்சொல்லே இருக்கிறது. ‘ஏரிக்கரைச் சவுனாவில் வேது பிடித்துவிட்டு, உறைந்த ஏரியில் வெட்டிய துளையில் முங்கி எழுந்தோம்’ என்று எழுதிப் பாருங்கள், இயல்பாகவே வருகிறது.